வாக்கு யாருடையது?

2021ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 22ஆம் நாள். தூய பேதுருவின் தலைமைப்பீட விழாவைத் திருச்சபை கொண்டாடும் நாள் அது. தவக்காலம் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. அன்று பகலில் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் ஓர் அரசு பெரும்பான்மையை இழந்து பதவி விலகியது. மாலையில், வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் அன்பியக் கூட்டம். நோய்த்தொற்றைப் பற்றிய அச்சம் முற்றிலும் நீங்காத காலமாதலால், வீட்டுக்குள் அமராமல் வேப்பமரத்தடியில் பாய் விரித்து இடைவெளி விட்டு அமர்ந்திருந்தோம். இறைவார்த்தையை வாசிக்கத் தொடங்குமுன்பே பேச்சு அரசியலுக்குச் சென்றுவிட்டது. யார் விலகினார், யார் எங்கே சேர்ந்தார், இனி யார் வருவார் என்று இளைஞர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தனர்.

அப்போது எழுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் என்னைப் பார்த்து, "சாமி, நான் போட்ட ஓட்டு இப்ப யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தனர். நானும் சமாளிக்கும் எண்ணத்தோடு, "அடுத்த தேர்தல்தான் வரப்போகிறதே ஐயா, புதிதாக ஒன்று போட்டுவிடலாம்" என்றேன்.

"புதுசு போடலாம் சாமி. பழசு எங்க போச்சுன்னுதான் கேட்டேன்" என்றார் அவர்.

அன்று அவருக்கு நான் விடை சொல்லவில்லை. குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்றவன், ஆண்டுக்கணக்காக மேடையேறி மறையுரை ஆற்றுபவன், எழுத்தறிவு குறைந்த ஒரு பெரியவரின் கேள்விக்கு முன் வாயடைத்துப் போனேன். அக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

நிகழ்ந்தவை

முதலில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். புதுச்சேரிச் சட்டமன்றத்தில் முப்பது உறுப்பினர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மேலும் மூவரை மத்திய அரசு நியமிக்கலாம். 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக் கட்சி 15 இடங்களைப் பெற்று, தி.மு.க.வின் துணையோடு ஆட்சி அமைத்தது. வில்லியனூரில் வென்றவர் திரு. ஆ. நமச்சிவாயம். 2011ஆம் ஆண்டிலும் அதே தொகுதி மக்கள் அவரையே தேர்ந்தெடுத்திருந்தனர். 2016இல் அவர் புதுச்சேரி மாநிலக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். எனினும் முதலமைச்சராகும் வாய்ப்பு, அத்தேர்தலில் போட்டியிடாத திரு. வே. நாராயணசாமிக்குச் சென்றது. நமச்சிவாயம் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 2021 ஜனவரி 25 அன்று அவர் அமைச்சர் பதவியையும் சட்டமன்ற உறுப்பினர் பதவியையும் துறந்தார். பிறகு பாரதிய ஜனதா கட்சியில் இணைந்தார். அதே நாளில் ஊசுடு தொகுதி உறுப்பினர் திரு. தீப்பாய்ந்தானும் விலகினார். ஏப்ரல் 6 அன்று நடந்த தேர்தலில் நமச்சிவாயம் வில்லியனூரில் நிற்கவில்லை. மண்ணாடிப்பட்டில் நின்று வென்று, அடுத்த அரசில் உள்துறை அமைச்சரானார். வில்லியனூர் மக்கள் தி.மு.க.வைச் சேர்ந்த திரு. இரா. சிவாவைத் தேர்ந்தெடுத்தனர்.

பாகூரின் கதை வேறு. 2016இல் அங்கே காங்கிரசின் சார்பில் வென்றவர் திரு. தனவேலு. தம் கட்சியின் அரசு மீதே, முதலமைச்சர் மீதே முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை வெளிப்படையாகக் கூறினார். துணைநிலை ஆளுநரையும் சந்தித்து முறையிட்டார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. 2020 ஜூலையில் பேரவைத் தலைவர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். அதன்பின் பொதுத்தேர்தல் வரும்வரை பாகூரின் இருக்கை காலியாகவே இருந்தது. கொள்ளைநோயின் கொடுமையான மாதங்களில், நெல்விளையும் அந்நன்செய் ஊர்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் கொடுக்க ஒருவரும் இல்லை.

பெப்ருவரி 22க்குள் காங்கிரசிலிருந்து ஐவர், தி.மு.க.விலிருந்து ஒருவர் என ஆறு பேர் விலகியிருந்தனர். பாகூரையும் சேர்த்தால் ஏழு இருக்கைகள் காலி. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அவையை விட்டு வெளியேறினர். எந்த ஊராரும் வாக்களிக்காத நியமன உறுப்பினர்கள் மூவர் அவையில் இருந்தனர். அரசின் வலிமை தேய்ந்தது இவ்வாறுதான். பெப்ருவரி 25 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது.

இங்கே எந்தத் தனிமனிதரின் உள்ளத்தையும் ஆராய்ந்து தீர்ப்பிட நான் முன்வரவில்லை. உள்ளத்தை அறிபவர் இறைவன் ஒருவரே. ஆனால் ஒன்றை நாம் காணலாம். வில்லியனூரில் ஒருவர் தாமாக விலகினார். பாகூரில் ஒருவர் விலக்கப்பட்டார். முன்னது ஒரு மனிதரின் முடிவு. பின்னது ஓர் அவைத் தலைவரின் முடிவு. இரு நிகழ்வுகளிலும் கலந்து கேட்கப்படாதவர் ஒருவர் உண்டு. அவரே வாக்காளர்.

சிறிய தொகுதி, பெரிய உறவு

இதிலென்ன, எல்லா மாநிலங்களிலும் நடப்பதுதானே என்று சிலர் கூறக்கூடும். புதுச்சேரியின் நிலை சற்று வேறானது. 2021இல் இங்கே வாக்காளர் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். முப்பது தொகுதிகளுக்குப் பங்கிட்டால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பத்து மூவாயிரம் பேரே. ஆகவே சட்டமன்ற உறுப்பினர் என்பவர் சுவரொட்டியில் மட்டும் காணும் முகமல்லர். திருமணத்துக்கு வருவார், இறந்த வீட்டுக்கு வருவார், வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரோட்டத்திலும் இருப்பார், தூய லூர்து அன்னையின் தேர்ப்பவனியிலும் இருப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நடந்தது. அவ்வாறு அமைந்த ஊராட்சிகளின் காலமும் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் மறுதேர்தல் நடைபெறவில்லை. எனவே வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் எளிய மக்களுக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்த ஒரே அருகாமை மனிதர் சட்டமன்ற உறுப்பினரே. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் அவரிடம்தான். முதியோர் உதவித்தொகை வரவில்லை என்றாலும் அவரிடம்தான். வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்றாலும் அவரிடம்தான். அந்த ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறும்போது மக்கள் ஒரு கட்சிக்காரரை மட்டுமா இழக்கின்றனர்? தம் வாசற்படியையே இழந்தவர்போல் ஆகின்றனர்.

மாறுவது பாவமா?

அங்ஙனமாயின், தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் நிலையை மாற்றிக்கொள்வதே தவறா? சட்டம் ஏறக்குறைய அவ்வாறுதான் கருதுகிறது. 1967இல் அரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மும்முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கேலிச்சொல் நாடெங்கும் பரவியது. நீண்ட காலத்துக்குப் பின் 1985இல் அரசியலமைப்பின் 52ஆம் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்து, கட்சி மாறுவோரும் கட்சிக் கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்போரும் பதவி இழப்பர் என்று விதித்தது. 2003இல் வந்த 91ஆம் திருத்தம் அதை மேலும் இறுக்கியது. ஆனால் சட்டம் கதவை அடைத்தபோது பலகணி ஒன்று திறந்தே இருந்தது. பதவியைத் துறந்துவிட்டுக் கட்சி மாறுபவரை அது பெரிதும் தடுப்பதில்லை.

அதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. இச்சட்டத்தின் பார்வையில் உறுப்பினர் கடமைப்பட்டிருப்பது கட்சிக்கே. கட்சி தவறு செய்தாலும் உடன் நிற்பவர் பதவியில் நீடிக்கிறார். தவறு என்று கருதியதைத் தவறு என்று கூறியவர் பதவியை இழக்க நேர்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, கட்சிகள் தம் நலனைப் பொதுநலனுக்கு மேலாக வைத்தலாகாது என்று கற்பிக்கிறது. ஆகவே கட்சிப் பற்று ஒன்றையே அறத்தின் அளவுகோலாகக் கொள்ள நம்மால் இயலாது.

அது மட்டுமன்று. நம் மண்ணின் வரலாறே ஒரு மனமாற்றத்தின் மீது நிற்கிறது. வில்லியனூர்க் கொம்யூனில் உள்ள கீழூருக்குச் சென்றவர்கள் அங்கிருக்கும் நினைவிடத்தைக் கண்டிருப்பீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்ற கேள்விக்கு வாக்களித்தனர். 170 பேர் ஆம் என்றனர். 8 பேர் இல்லை என்றனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றது. கீழூரில் அன்று பொதுமக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அவர்கள் முன்பு தேர்ந்தெடுத்தவர்களே அவர்களுக்காக முடிவெடுத்தனர்.

அந்த முடிவுக்கு வழிதிறந்தவர்களுள் ஒருவர் எதுவார் குபேர். பிரெஞ்சிந்திய சோசலிசக் கட்சியின் தலைவர். 1951இல் பாரிசில் உள்ள பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்றவர். 1954 மார்ச்சில் அவரும் அவருடைய தோழர்களும் இணைப்பின் பக்கம் திரும்பினர். பிரெஞ்சு நிர்வாகத்தோடு அவருக்கு ஏற்பட்டிருந்த கசப்பும் இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவர் 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். நகரின் பெரிய அங்காடியும் கடற்கரைச் சாலையும் இன்றும் அவர் பெயரைத் தாங்குகின்றன. எந்தக் கொடியின் கீழ் மக்கள் தேர்ந்தெடுத்தார்களோ அந்தக் கொடியைவிட்டு மாறியவரைத்தான் நாம் இவ்வாறு நினைவுகூர்கிறோம். ஆகவே 'மாறியவர் எல்லாரும் துரோகிகள்' என்று நாம் கூறுவோமாயின், நாம் நிற்கும் மண்ணே நம்மைப் பார்த்து நகைக்கும்.

அப்படியானால் நேர்மையான மாற்றத்தையும் நேர்மையற்ற மாற்றத்தையும் எவ்வாறு பிரித்தறிவது? நோக்கத்தைக் கொண்டு அறியலாம் எனில், நோக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல வேளைகளில் அவரவர்க்கே தெரிவதில்லை. வேறொரு வழியைத் தேட வேண்டும்.

விலையா, கொடையா, அடைக்கலமா?

ஒரு பொருள் ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் செல்வதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, விற்பது. விலை கைக்கு வந்ததும் விற்றவருக்கும் பொருளுக்கும் உறவு முடிந்துவிடுகிறது. மற்றொன்று, கொடையாகத் தருவது. கொடுத்த பிறகு அதைப் பெற்றவர் என்ன செய்தார் என்று கேட்பது பண்பாகாது. மூன்றாவது, அடைக்கலமாக ஒப்படைப்பது. வெளியூர் செல்பவர் தம் நகையை அண்டைவீட்டாரிடம் கொடுத்துச் செல்கிறார். பொருள் அவரிடம் இருக்கிறது. ஆனால் அது அவருடையது அன்று. தீப்பற்றினால் அதைக் காக்க வேறிடம் கொண்டுசெல்ல அவருக்கு உரிமை உண்டு. சில வேளைகளில் கடமையும் உண்டு. ஆனால் கொண்டுசென்ற செய்தியை உரியவரிடம் கூறியாக வேண்டும்.

தமிழர் இவ்வறத்தை நன்கறிவர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆய்ச்சி மாதரி, தன் பொறுப்பில் இருந்தவர்களுக்கு நேர்ந்த கேட்டைத் தாங்காமல் தீயில் விழுந்து உயிர்விடுகிறாள். அவள் செயலைப் பின்பற்றுமாறு யாரும் கூறார். ஆயினும் ஒப்படைக்கப்பட்டது எத்துணைக் கனமானது என்று அந்த எளிய பெண் உணர்ந்திருந்தாள் அல்லவா?

வாக்கு இம்மூன்றனுள் எது? விற்பனை அன்று, அன்று என்று சட்டமும் சொல்கிறது, மனச்சான்றும் சொல்கிறது. கொடையும் அன்று, ஏனெனில், என்னை ஆள்வதற்குரிய பொறுப்பை நான் முற்றிலும் கைகழுவித் தந்துவிட முடியாது. ஆகவே அது அடைக்கலமே. நம் மொழியில் 'வாக்கு' என்ற சொல்லே இருபுறமும் பேசுகிறது. வாக்குச் சாவடியில் நாம் அளிப்பதும் வாக்கு; மேடையில் வேட்பாளர் அளிப்பதும் வாக்கு. இவ்விரண்டும் ஒன்றை ஒன்று பிணைக்கின்றன.

கொடுத்த வாக்கை எந்நிலையிலும் மாற்றவே கூடாதா என்ற கேள்வியைப் புனித தோமா அக்குவினாரும் எழுப்பியுள்ளார். தம் இறையியல் தொகுப்பில் பொய்யைப் பற்றி ஆராயுமிடத்தில், நிறைவேற்றும் எண்ணத்தோடு வாக்களித்தவர் பொய்யர் அல்லர் என்கிறார். பின்னர் நிறைவேற்றாவிடில் நம்பிக்கைக்கு மாறாக நடந்தவராவார். ஆயினும் வாக்களித்த செயலே தகாதது என்றாலோ, சூழ்நிலைகள் மாறிவிட்டன என்றாலோ அவர் பொறுத்துக்கொள்ளத் தக்கவர் என்றும் விளக்குகிறார். இதற்கு அவர் காட்டும் சான்று பவுலடியார். கொரிந்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் பவுல், வரவில்லை. அதனால் அவர் ஒரே வாயால் 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் பேசுபவர் என்ற பழி எழுந்தது.

அக்குவினார் அவ்வளவில் நிறுத்துகிறார். ஆனால் பவுல் அதன்பின் செய்ததையும் நாம் கவனிக்க வேண்டும். அவர் மௌனமாக வேறு நகருக்குச் சென்றுவிடவில்லை. கொரிந்து மக்களுக்கே எழுதினார். தாம் ஏன் வரவில்லை என்று விளக்கினார். அந்த மக்களின் நலன் கருதியே பயணத்தைத் தவிர்த்ததாகச் சொன்னார். தம் கண்ணீரையும் மறைக்கவில்லை. திட்டத்தை மாற்ற அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் யாருக்குச் சொல் கொடுத்தாரோ அவர்களிடமே கணக்குக் கொடுக்கும் கடமையிலிருந்து அவர் தம்மை விடுவித்துக்கொள்ளவில்லை.

நாம் தேடிய அளவுகோல் இதுவே. மாறினாரா என்பதன்று கேள்வி. தம்மிடம் ஒப்படைத்தவர்கள் முன் வந்து நின்று, ஏன் மாறினார் என்று கூறி, அவர்களுடைய மறுமொழியைக் கேட்டாரா என்பதே கேள்வி.

கணக்குக் கொடுத்தவர்கள்

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று எண்ண வேண்டாம். 1774 நவம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மக்கள் எட்மண்ட் பர்க் என்பவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர். வென்ற அன்றே அவர் மக்களிடம், தாம் அவர்களுக்கு உழைப்பை மட்டுமன்றித் தம் சொந்தப் பகுத்தறிவையும் கடமையாகத் தர வேண்டியவர் என்று எடுத்துரைத்தார். பின்னர் அயர்லாந்தின் வணிகத்துக்கும், ஒடுக்கப்பட்டிருந்த கத்தோலிக்கரின் உரிமைக்கும் அவர் ஆதரவளித்தார். பிரிஸ்டல் வாக்காளர் பலர் சினந்தனர். 1780இல் அவர் வேறிடம் தேடி ஒளியவில்லை. பிரிஸ்டலுக்கே வந்து, தம் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் அளித்தார். தம்மை அவர்கள் விரும்பவில்லை என்று கண்டபின் போட்டியிலிருந்து விலகினார். அதன் பின்னரே வேறு தொகுதியின் வழியாக அவைக்குச் சென்றார்.

புனித தாமஸ் மோரையும் நினைத்துப் பாருங்கள். 1532இல் மன்னர் எட்டாம் என்றியின் போக்கோடு இணங்க முடியாமல் நாட்டின் உயர்பதவியைத் துறந்தார்; 1535இல் தலையை இழந்தார். 2000ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். பதவி விலகல் என்பது அவருக்கு வேறொரு பதவிக்கான படிக்கட்டாக இருக்கவில்லை.

நம் நாட்டிலும் இச்சிந்தனை புதிதன்று. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவர் என்பது அங்குள்ள விதி. அச்சபை எல்லாச் சாதியாருக்கும் உரியதாக இருக்கவில்லை. பெண்களுக்கு அங்கே இடமில்லை. அதனை நாம் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆயினும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தகுதிநீக்கத்துக்குக் காரணமாகக் கருதப்பட்டது தலைவனின் ஆணையை மீறியது அன்று, கணக்குக் காட்டாமை என்பது எண்ணத் தக்கது.

இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு 2020, 2021 நிகழ்வுகளைப் பாருங்கள். வில்லியனூரில் விலகியவர், தலைமையின் போக்கு பிடிக்காமையால் விலகினார் எனலாம். கட்சியைத் தேர்தலில் வழிநடத்தியவருக்கு அத்தகைய மனக்குறை எழுவது மனித இயல்பே. தொகுதி மாறுவதும் தன்னளவில் குற்றமன்று. 2021இல் வில்லியனூரில் வென்றவரும் முன்பு உருளையன்பேட்டையின் உறுப்பினராக இருந்தவரே. ஆனால் 2016இல் ஒரு சின்னத்துக்கு வாக்களித்த வில்லியனூர் மக்களுக்கு, அதே மனிதரை வேறு சின்னத்தில் நிறுத்தி 'ஏன் மாறினீர்' என்று வாக்குச்சீட்டால் கேட்கும் வாய்ப்பு கிடைக்கவில்லை. பாகூரில் குற்றஞ்சாட்டியவர் சொன்னது உண்மையாயிருக்கலாம், அல்லாதிருக்கலாம். அதைக் கேட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்புப் பாகூர் மக்களுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் தரப்படவில்லை. இரு இடங்களிலும் அடைக்கலம் வைத்தவரைக் கேளாமலே அடைக்கலப்பொருள் இடம் மாறியது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். கருநாடகத்தில் 2019இல் 17 உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. தகுதியிழந்தவருள் பெரும்பாலோர் சேர்ந்த பாரதிய ஜனதா கட்சி 12இல் வென்றது. மக்களே ஏற்றுக்கொண்ட பிறகு வேறென்ன கணக்கு என்று கேட்கலாம். மறுபடியும் அம்மக்களிடமே சென்றது நன்று. அதனை நான் மதிக்கிறேன். ஆனால் தேர்தல் வெற்றி சட்டத்தின் கேள்வியைத் தீர்க்கிறதேயன்றி மனச்சான்றின் கேள்வியைத் தீர்ப்பதில்லை. வாக்கு எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கேதான் பழி நம் பக்கம் திரும்புகிறது.

நம் கைகள்

அடைக்கலம் வைத்தவர் கணக்குக் கேட்கலாம். விற்றவர் கேட்க முடியாது. தேர்தலுக்கு முந்திய இரவில் உறையொன்றைப் பெற்றுக்கொண்டவர், சேலையையோ பரிசுச் சீட்டையோ வாங்கிக்கொண்டவர், அந்நேரமே தம் அடைக்கலப்பொருளை விலைப்பொருளாக மாற்றிவிடுகிறார். வாங்கியவர் அதை மறுவிலைக்கு விற்றால், முதலில் விற்றவர் என்ன வழக்குத் தொடுப்பார்?

பொதுநிலையினரை மட்டும் குறைகூறி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, தேர்தல் நெருங்கிய வேளையில் வேட்பாளர் ஒருவர் வந்தார். பங்குக் கூடத்தின் தரை பெயர்ந்திருந்ததைக் கண்டு, "சாமி, இதைச் சரிசெய்து தருகிறேன்" என்றார். நான் மறுக்கவில்லை. பளபளக்கும் ஓடுகள் வந்தன. அந்த ஞாயிறு மறையுரையில் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பின்போது 'நன்கொடையாளருக்கு நன்றி' என்று கூறினேன். யாரைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வென்றபின் அவர் எங்கள் ஊருக்கு வரவேயில்லை. குடிநீர்த் தொட்டிக்காக மக்கள் என்னை அழைத்துக்கொண்டு அவரிடம் செல்ல விரும்பியபோது, நான் ஏதோ காரணம் கூறி ஒதுங்கினேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். விலை வாங்கியவனுக்குக் குரல் எழவில்லை. முந்நூறு குடும்பங்களின் வாக்கை, அவர்களைக் கேளாமலே, சில பெட்டி ஓடுகளுக்கு நான் விற்றிருந்தேன்.

இதை எந்த இழுவையும் இல்லாமல் சொல்கிறேன்: கட்சி மாறிய எந்த உறுப்பினரைக் காட்டிலும் அன்று நான் செய்தது சிறிய பிழை அன்று. அவரிடம் மக்கள் வாக்கை ஒப்படைத்திருந்தனர். என்னிடம் நம்பிக்கையை ஒப்படைத்திருந்தனர்.

ஆகவே செய்யத் தக்கது என்ன? பெரிய சீர்திருத்தங்களை நான் கூற வரவில்லை. நம் பங்குகளில் நாம் தொடங்கக்கூடியவை சில உண்டு. திருவிழா மேடையில் வேட்பாளருக்கும் உறுப்பினருக்கும் பொன்னாடை போர்த்துவதை நிறுத்தலாம். வருவோரை அன்புடன் வரவேற்று, மக்களோடு மக்களாக அமரச் செய்யலாம். தேர்தல் காலத்தில் எக்கட்சியிடமிருந்தும் ஆலயத்துக்கென எதையும் பெறுவதில்லை என்று பங்குப் பேரவை தீர்மானிக்கலாம். வென்றவர் எக்கட்சியினராயினும், ஆண்டுக்கு இருமுறை ஊர்ப் பொதுவிடத்தில், எல்லாச் சமயத்தாரும் சாதியாரும் கூடியிருக்க, மாலையும் மேடையும் இன்றி வந்து பதில் கூறுமாறு கேட்கலாம். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, 'என்ன தருவீர்' என்பதற்கு மாறாக, 'நீங்கள் மனம் மாற நேர்ந்தால் எங்களிடம் வந்து சொல்வீர்களா' என்று கேட்கலாம். முப்பத்து மூவாயிரம் வாக்காளர் உள்ள தொகுதியில் இக்கேள்வியைக் கேட்க இயலாது எனில், வேறெங்கே இயலும்?

அந்தப் பெரியவரை அண்மையில் மீண்டும் கண்டேன். வரப்பில் நடக்கத் தடி தேவைப்படுகிறது அவருக்கு. அவர் கேள்வியை நான் மறக்கவில்லை என்றும், அதற்கு இப்போது ஒரு விடை வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். "உங்கள் ஓட்டு உங்களுடையதுதான் ஐயா. அவரிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்திருந்தீர்கள், அவ்வளவுதான். போய்க் கேட்கலாம்" என்றேன்.

அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "தனியாப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. நீங்களும் வரீங்களா சாமி?" என்று கேட்டார்.

முன்பு ஒருமுறை இவ்வழைப்புக்கு நான் பின்வாங்கியவன். இம்முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.